மேளம் வேண்டாம் என்றவள்

கும்பகோணம் தாண்டி, ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பேருந்து நின்றுவிட்டது. தவில் சத்தம் ஜன்னல் கம்பியில் ஏறி என் விரல்களில் துடித்தது. என்றோ போன கல்யாணங்களெல்லாம் எனக்குள் எழுந்து நடந்தன. அப்போது முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்:

"இருபத்தாறு வயசாச்சு அத்தை. ஒரு தாலி கட்டறதைக்கூட நான் பார்த்ததில்ல."

"தை பொறந்தா ஒனக்கே கல்யாணம். என்னடி பேச்சு இது?"

"கெட்டிமேளம் கொட்டுனா தம்பி தலையைச் சுவத்துல மோதிப்பான். உடனே அவனை இழுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடுவேன். அது ஆட்டிசம்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியிருந்தே எனக்கு அதான் வேலை. என் கல்யாணத்துல யார் ஓடுவா?"

"அன்னிக்கு மட்டும் பக்கத்து வீட்டுல விடலாம். ஒன் கையில பொரி போட ஒங்க பெரியப்பா பையன் இருக்கானே."

"எனக்குக் கூடப் பொறந்தவன் இருக்கான். வாடகைத் தம்பி வேணாம். மேளத்தை நிறுத்திடுங்க."

"தஞ்சாவூர் ஜில்லாவுல மேளம் இல்லாத கல்யாணமா? சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க."

"கட்டிக்கப்போறவர்கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டார். அப்பாதான் ஒத்துக்கல. அவங்க தங்கச்சி நீங்க சொன்னா கேப்பாங்க."

பேருந்து மறுபடி நகர்ந்தது. நடவு முடிந்த வயல்கள் தண்ணீரோடு பின்னால் போய்க்கொண்டிருந்தன. திருவிடைமருதூரில் அத்தை எழுந்து பையை மாட்டிக்கொண்டார்.

"ஒன் தம்பிக்கு என்ன துணி எடுக்குறது?"

"புதுசு உறுத்தும், கழட்டி எறிஞ்சிடுவான். நாலு தரம் தோய்ச்சாதான் போடுவான். கல்யாணத்துக்குத் தோய்ச்ச துணி ஆகாதுங்கறாங்க அம்மா."

படியில் இறங்கியபடியே அத்தை சொன்னார்: "ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். துணியைத் தோய்ச்சே எடுத்தாறேன், போ."