பெருநாள் முகம்

உங்களுடைய லேசர் மெஷின் நல்ல மெஷின், டொக்டர். அதில் ஒரு பிழையும் இல்லை. கொழும்பிலிருந்து ஆள் வரவழைத்துக் கழற்றிப் பார்க்கிறீர்கள். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கல்முனைக் கிளினிக்கை மூடிவிட்டுப் போகப்போவதாகவும் கதைக்கிறீர்கள். பார்க்கப் பாவமாக இருக்கிறது. அதனால்தான் நானாகச் சொல்ல வந்தேன்.

உங்களிடம் லேசர் செய்துகொண்ட நதீரா, என் கணவர் ஜவுபரின் இரண்டாவது மனைவி. இது உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவளுடைய மாத்திரையை என் கையில் கொடுத்திருக்க மாட்டீர்கள்.

சுனாமியில் அவளுடைய முதல் கணவர் போனார். எங்களுக்கு வீடு போனது. பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தபோது ஒரே வகுப்பறையில் அவள் ஒரு மூலை, நாங்கள் ஒரு மூலை. காய்ச்சல் வந்தால் அவளுக்கு உதட்டோரத்தில் கொப்புளம் கிளம்பும். கஞ்சி ஆற்றிக் கொடுத்தது நான்தான். விதவைக்கு வாழ்வு கொடுப்பது நன்மை என்று ஜவுபர் என்னிடம் கேட்டபோது ஓம் என்றதும் நான்தான். ஸுஹைறாவைப் போல மனசு யாருக்கு வரும் என்று ஊர் சொன்னது. அந்தப் புகழ் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அவள் என்னைவிட மூத்தவள். தாத்தா என்று கூப்பிடுவேன். எங்கள் ஆட்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். கன்னம் தொங்கி, வாயைச் சுற்றிச் சுருக்கம் விழுந்த முகம். ஜவுபர் அவளிடம் கடமைக்குப் போவார், வருவார் என்று நினைத்தேன். ஓர் இரவு என் வீடு, மறு இரவு அவள் வீடு. மார்க்கம் சொன்ன அந்த முறையை ஜவுபர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆனால் என் முறையில் டிவியைப் பார்த்தபடி கதிரையிலேயே தூங்கிப்போவார். அவள் முறைக்கு ஷேவ் எடுத்து, அத்தர் பூசிக்கொண்டு போவார். எனக்கு வயிறு எரியும். பச்சையாகச் சொன்னால் பொறாமைதான், டொக்டர்.

யுத்தமும் முடிந்து, நீங்களும் இங்கே வந்தீர்கள். உங்கள் கிளினிக்கில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. முகத்தோலை இறுக்குகிற லேசர் வந்திருக்கிறது என்று ஜவுபரிடம் சொன்னேன். எனக்குச் செய்யச் சொல்வார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"நதீராக்குச் செய்வமா? அவட முகம்தான் வாடிப்போய்க் கிடக்கு. நீ அங்க இருக்கிறாய்தானே, கவனமாப் பாத்துக்குவாய்" என்றார்.

கவனமாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

நோன்பு மாதம். பெருநாளுக்கு முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. காய்ச்சலுக்குக் கொப்புளம் வருமா என்று கேட்டீர்கள்; வரும் என்றாள். அப்படியென்றால் லேசர் பட்டதும் அந்தக் கிருமி எழும்பும், புண்ணான தோலில் முகம் முழுக்கப் பரவும், முன்கூட்டியே மாத்திரை தொடங்க வேண்டும் என்றீர்கள். பகலிலும் போட வேண்டும், நோன்பை விட முடியாவிட்டால் பெருநாள் கழித்துச் செய்வோம் என்றும் சொன்னீர்கள். எல்லாம் சரியாகச் சொன்னீர்கள். விளங்கப்படுத்தி அனுப்பும் வேலையை மட்டும் என்னிடம் விட்டீர்கள்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள், "மருந்துக்காக நோன்ப விடலாந்தானே புள்ள? பிறகு புடிச்சுக் கொடுக்கலாம்."

"அது நோயாளிக்குத்தான் தாத்தா. நீங்க அழகுக்குச் செய்றீங்க. அழகுக்காக நோன்ப விட்டா அல்லாஹ்கிட்ட என்ன சொல்லுவீங்க? நோன்பு திறந்தாப்போல ஒண்டப் போடுங்க, போதும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல நேரத்தில் புத்தி சொன்னாய் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். லேசருக்கு வந்த அன்று, மாத்திரை போட்டீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். ஓம் என்றாள். நாளுக்கு ஒன்று போட்டிருந்தாள்தானே. அவள் பொய் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன்; என்னிடம் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

சில நாளில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். உதட்டோரத்தில் கொப்புளம் கொத்தாக நின்றது. இப்போதாவது உங்களிடம் கொண்டுவந்திருந்தால் அதோடு நின்றிருக்கும். அது எனக்குத் தெரியும். உங்களிடம்தானே படித்தேன்.

"எரியுது புள்ள. டொக்டர்ட்டப் போவமா?"

"லேசர் சூடு தாத்தா. தணிஞ்சிரும்."

துணியை நனைத்து நான்தான் முகம் துடைத்துவிட்டேன். உதட்டில் தொடங்கிக் கன்னம், கன்னத்திலிருந்து கண்ணிமை. அதே துணிதான். கையுறை போட்டிருந்தேன். குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொன்னாள். மறுநாளும் போய்த் துடைத்தேன்.

பெருநாளன்று அவளை ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்; மாத்திரை போட்டும் இப்படி ஆனதே என்றுதான் மெஷினைச் சந்தேகிக்கிறீர்கள். முகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. வலது கண்ணில் வெள்ளை படர்ந்து பார்வை போய்விட்டது. இடது கண்ணுக்கும் கிருமி போயிருக்கிறது. நேரம் தவறாமல் மருந்து விட்டால் தப்பும் என்கிறார்கள்.

அந்த முகத்தைப் பார்த்தால் அவர் திரும்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். என் கணக்கில் பிழையாகிப் போனது அது ஒன்றுதான். இப்போது முறையும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லா இரவும் அங்கேதான். சோறு பிசைந்து ஊட்டுகிறார். தழும்பைத் தடவிக்கொண்டே கதைக்கிறார். எனக்கு ஒருநாளும் அவர் ஊட்டியதில்லை, டொக்டர். அவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நானும் அந்த வீட்டுக்கே போய்விட்டேன்.

நீங்கள் ஜவுபரிடம் சொல்லலாம். அவர் நம்பமாட்டார். அவளுடைய கண்ணுக்கு மருந்து விடுகிற வேலையை அவர் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. ஸுஹைறா படித்தவள், கவனமாக விடுவாள் என்று என்னிடம்தான் தந்திருக்கிறார். நேரமாகிவிட்டது, நான் போக வேண்டும். எனக்கு அவள்மேல் இப்போது ஒரு கோபமும் இல்லை. அந்த மிச்சக் கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அது மட்டும்தான் எனக்குப் பிடிக்கவில்லை.