துடைத்தும் போகாத நிறம்

பங்குனிப் பொங்கல் விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஊர்த்தலைவர் செல்லப்பாண்டி அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! பட்டாசுக் கம்பெனிக்கு விடுமுறை கிடைத்த களிப்போடு கூடியிருக்கும் என் தாய்க்குலமே! வணக்கம்.

அங்கே ஒரு குழந்தை அழுகிறது. வெளியே தூக்கிப் போகச் சொல்கிறீர்களா? வேண்டாம், அழட்டும். அழுகிற பிள்ளையை நான் நம்புவேன். அழுகையை நிறுத்திய பிள்ளையைத்தான் நம்பமாட்டேன். குழந்தை மருத்துவராக வந்த நாள்முதல் நான் ஒரு சந்தேகப் பிராணி. காப்பி நன்றாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னால், அதையும் வாங்கிக் குடித்துப் பார்ப்பேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், அடைமழைக் காலம். தீபாவளி சீசன் நெருக்கடியில் இந்தத் தாயில்பட்டி இசைவாணி, நான்கு மாத மகள் முத்துமாரியை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, வெடியில் மருந்து செலுத்தும் வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளைக்கு மூச்சு இளைக்கிறது என்று சேதி வந்ததும், கையைக்கூடக் கழுவாமல் அள்ளிக்கொண்டு எங்கள் மருத்துவமனைக்கு ஓடிவந்தாள். நுரையீரலின் நுண்ணிய மூச்சுக்குழல்கள் வீங்கிச் சளி அடைக்கும் நோய் அது. பெரும்பாலும் தானே தணியும். சில பிள்ளைகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் முற்றும். எந்தப் பிள்ளைக்கு எது? அதைக் கண்டுபிடிப்பதுதானே எங்கள் பிழைப்பு!

வந்தபோது முத்துமாரி பால் குடித்தாள், கதறினாள். லேசானதுதான் என்று வார்டில் சேர்த்தோம். மாலையில் நான் பார்வையிட வந்தபோது அந்தக் கட்டிலில் சத்தமே இல்லை. செவிலியருக்குச் சந்தோஷம், பக்கத்துக் கட்டிலுக்குச் சந்தோஷம், எனக்கு மட்டும் சந்தேகம். போர்வையை விலக்கப் போனேன். இசைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் அழுகையை நிப்பாட்டியிருக்கா டாக்டரம்மா, எழுப்பிராதீக."

பிள்ளையின் நகம் ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்டேன். தன் கம்பெனிக் கையிலிருந்து அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும் என்றாள். நியாயமான பதில், கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஈரப்பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் பொடி வந்தது, நகத்தில் நிறம் போகவில்லை. உதட்டைத் துடைத்தேன், போகவில்லை. வாயைத் திறந்தேன், நாக்கும் நீலம்! தாய்மார்களே, நாக்கிலே எந்தக் கம்பெனிப் பொடி ஒட்டும்?

சட்டையைத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்கெல்லாம் உள்ளே குழிந்தது, மூக்கு விடைத்தது. மதியத்திலிருந்து பாலும் குடிக்கவில்லையாம். அது தூக்கமா? இல்லை! நிம்மதியா? இல்லை! அழக்கூடத் தெம்பில்லாத அசதி! உடனே ஆக்சிஜன் வைத்தோம்.

"பொடின்னுல்ல நெனச்சேன்" என்றாள் இசைவாணி. நானும் பயந்துபோயிருந்தேன். மறுநாள் பிள்ளை வீறிட்டு அழுத பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

திரி எரிந்தும் வெடிக்காத வெடியை இந்த ஊரில் எவராவது நம்பிக் கையில் எடுப்பீர்களா? வெடியின் மௌனத்தைச் சந்தேகப்படும் ஊர், பிள்ளையின் மௌனத்தை மட்டும் ஏன் நம்புகிறது? இளைப்பு வந்த பிள்ளை அடங்கிக் கிடந்தால் கையைக் கழுவுங்கள், சட்டையைத் தூக்குங்கள், நெஞ்சைப் பாருங்கள், நாக்கைப் பாருங்கள்! பார்த்துவிட்டுப் பொறுமையாக இருக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்!

ஆமாம், அழுத பிள்ளையின் சத்தத்தைக் காணோமே? இசைவாணி, அது உன் மகள்தானே? தூக்கிக் காட்டம்மா. உதடு சிவப்பாக இருக்கிறதா? கையில் என்ன, பஞ்சுமிட்டாயா? அந்தச் சிவப்பை நான் நம்பமாட்டேன். முந்தானையால் துடை.

துடைத்த பிறகும் சிவப்புதான்!

இனி நான் நிம்மதியாக உட்காரலாம். இவ்வளவு நேரம் என் சந்தேகத்தைப் பொறுத்துக்கொண்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.