ஒரு பக்கம் கருகின பீட்சா

இல்ல தம்பி, அது சீஸ் இல்ல. தட்டுல ஒட்டிக்கிட்டு கிடக்கே, அது முந்திரி. சுரண்டாதீங்க, வராது, நானே ஊறவச்சுப் பாத்துட்டேன். நீங்க ஓவனைப் பாருங்க.

முந்திரிய ஊறவச்சு, பூண்டு, எலுமிச்சை, கொஞ்சம் ஜவ்வரிசி மாவு போட்டு அரைச்சுக் கிண்டினா சீஸாம். இழுத்தா நூலு நூலா வருமாம். வருது, வராம என்ன, போஸ்டர் ஒட்டற பசை கூடத்தான் வருது. நான் என்ன வேலை பாத்தேன் தெரியுமா? ரிட்டயர் ஆகற வரைக்கும் பால் ஃபாக்டரில சீஸ் செக்‌ஷன் சூப்பர்வைசர். சிரிங்க, பரவால்ல, என் பொண்டாட்டியே சிரிக்கறா.

எல்லாம் பொண்ணால வந்த வினை. ஒரே பொண்ணு, வெளியூர்ல வேலை. ஒருநாள் வந்து, நான் வீகன் ஆயிட்டேன், பால் தயிர் எதுவும் தொட மாட்டேன்னா. உடம்புக்கு ஒத்துக்கலையாம்மான்னு கேட்டேன். இல்லப்பா, அது கன்னுக்குட்டி வாயிலருந்து புடுங்கறதுன்னா. எனக்கு எப்படி இருக்கும்? நீ படிச்ச படிப்பும் அங்கருந்து புடுங்கினதுதான், அதையும் கழட்டி வச்சுட்டுப் போன்னேன். காலங்காத்தால பையத் தூக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு வருஷம் பேச்சே கிடையாது. ஃபோனை நான் எடுத்தா கட் பண்ணிடுவா.

எனக்கா? எனக்கென்ன கோவம்? அவளுக்குத்தான். அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கா.

நடுவுல என் வீட்டுக்காரி பாத்ரூம்ல வழுக்கி மணிக்கட்டை உடைச்சுக்கிட்டா. ஞாயித்துக்கிழமை ஆனா பொண்ணு வீடியோல அம்மாவுக்கு இந்த பீட்சா சொல்லிக் குடுக்கற வழக்கம். கையில கட்டு, யாரு மாவு பிசையறது? நான்தான் வந்து நின்னேன். ஃபோனை மாவு டப்பால சாய்ச்சு வச்சாச்சு. அம்மா, இன்னும் பிசையச் சொல்லு. அம்மா, தக்காளிய அவ்வளவு தடவ வேணாம்னு சொல்லு. நான் என்னமோ வாடகைக்கு எடுத்த மெஷின் மாதிரி. நான் மட்டும் விடுவேனா? எங்களுக்கும் பிசையத் தெரியும்னு அவகிட்ட சொல்லுடின்னேன்.

நல்லாருக்குமாவா? வாயில வச்சா மேலண்ணத்துல போய் ஒட்டிக்கும். தண்ணி குடிச்சு முழுங்கிடுவேன்.

என்னது, உள்ள ஃபேன் சுத்தலையா? ஆமா, அதான் பின்பக்கம் கரியாப் போகுது, முன்பக்கம் வேகவே இல்ல. வயரா? எலி கடிச்சிருக்கும். கடிச்ச மாதிரி இல்லையா? சரி, ஸ்க்ரூடிரைவரைக் கொஞ்சம் கீழ வைங்க தம்பி.

நான் எங்க உங்களக் கூப்ட்டேன், என் வீட்டுக்காரிதான் கூப்ட்டா. கட்டுப் பிரிச்சாச்சு. ஓவனை சரி பண்ணிட்டு நானே செய்யறேன், நீங்க போய் டிவி பாருங்கன்னுட்டா. குடமிளகாய் வாங்கக் கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா.

மொதத் தடவை கருகினப்ப, ஓவனுக்கு முதுகைக் காட்டிட்டு நின்னேன். புகை எனக்குத் தெரியல, பொண்ணுக்கு ஃபோன்ல தெரிஞ்சுது. அப்பா, அப்பா, பின்னாடி பாருப்பா, கையச் சுட்டுக்காதப்பான்னு கத்தினா. அடுத்த வாரமும் கருகிச்சு. தட்டைத் திருப்பி வைன்னு எத்தனை வாட்டிப்பா சொல்றதுன்னு திட்டினா பாருங்க, என்னைத்தான், நேரா என்னைத்தான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வெங்காயம்னு சொல்லிட்டேன்.

அதனால மூடியப் போட்டு மூடிடுங்க. வந்ததுக்கு உண்டானத நான் குடுத்துடறேன். வீட்டுக்காரி கேட்டா, இந்த மாடலுக்கு சாமான் வரதில்ல, வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு பாத்துக்கட்டும்னு சொல்லுங்க.

இல்ல தம்பி, அந்த வயரு ஒரு தடவை தானா கழண்டதுதான். நானே மாட்டிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை பீட்சா பொன்னிறமா வந்துச்சு. பொண்ணு பாத்துட்டு, ம், நல்லா வந்திருக்கும்மான்னு ஃபோனை வச்சுட்டா. அன்னிக்கே திரும்பக் கழட்டிட்டேன்.