கறுப்புக் காது

— கிடாக் கயித்த விடு, மாப்ள. பள்ளிவாசல்ல தொழ வைக்கிற அஹோங் வந்து, கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு, கத்தியத் துணியில சுத்தி வச்சுக்கிட்டு நிக்கிறாரு.

— விட மாட்டேன், மாமா.

— உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? மேல்மலைக்காரங்க டிராக்டர்ல பனியில வந்திருக்காங்க. எண்ணெய் ரொட்டி பொரிச்சு முடிச்சாச்சு. டீயில போட்ட இலந்தைப்பழம் ஊறி ஊதிப்போச்சு. கொப்பரையில தண்ணி சும்மா கொதிக்குது. கறி எங்கன்னு கேட்டா?

— உருளைக்கிழங்கு போடச் சொல்லுங்க.

— கேட்டீங்களா, அஹோங்? என் மக மௌத்தாகி இன்னைக்கு நாப்பதாம் நாளு. வந்தவங்களுக்கு உருளைக்கிழங்கு போடச் சொல்றான் அவ புருஷன். காலேஜ் படிப்பு இது.

— கேட்டேன், யாங். என் காது நல்லாத்தான் இருக்கு. நீ கொஞ்சம் மெல்லப் பேசு, பொம்பளைங்க அடுப்ப விட்டுட்டு எட்டிப் பாக்குறாங்க. வாத்தியாரே, கயித்த ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்க? உள்ளங்கை கிழிஞ்சிடும்.

— பரவால்ல, அஹோங்.

— கண்ணும் சரியில்ல உனக்கு. தூங்குறியா?

— இல்ல.

— சரி. அப்புறம்? நாப்பது நாளா இந்தக் கிடாவுக்குத் தனியாத் தீவனம் வைக்கிற. மந்தையில விடல. கொம்பக் கழுவி விடுற. கை ஓங்குறதில்ல. நிய்யத்து வச்சு நேர்ந்து விட்ட ஆட்டத்தான் அப்படிப் பாத்துப்பாங்க. உன் பொண்டாட்டி ஸைனபை பேருக்குத்தான் வச்சிருக்கன்னு நெனச்சு நானும் கிளம்பி வந்துட்டேன்.

— நிய்யத்து இருக்கு. அவ பேருக்கு இல்ல.

— பின்ன யார் பேருக்கு? அடுத்து வரப்போறவ பேருக்கா? உன் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ஒரு டீச்சரம்மா வந்திருக்காளாமே.

— மாமா.

— என்ன மாமா? ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா நீ? நான் சொல்றேன் அஹோங், அன்னைக்கு இவன் முகத்த நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அடுத்த வீட்டு மையித்துக்கு வந்தவன் மாதிரி நின்னான்.

— யாங், நாக்க அடக்கு. குழிக்குள்ள இறங்கி அவ முகத்த மேற்கப் பாக்கத் திருப்பி வச்சவன் இவன். நீ கரையில நின்ன. நான் பக்கத்துல நின்னேன். யூனுஸ், என் வேலை உனக்குத் தெரியும். கத்தி வைக்கிறதுக்கு முன்ன ரெண்டு கேள்வி கேப்பேன். என்ன நிய்யத்து, யார் பேருக்கு. உரியவங்க வாயால அதச் சொல்லணும். சொல்லாட்டி இது வெறும் ஆடு, நான் வெறும் கசாப்புக்காரன்.

— அதான் கயித்த விடல.

— சொல்லித் தொலையேன், மாப்ள. 'ஸைனபை பேருக்கு'. ரெண்டே வார்த்தை. மனசுல என்ன வேணா வச்சுக்க, யாரு தோண்டிப் பாக்கப் போறா?

— நான் கேக்குறதே அந்த மனசத்தான் யாங். உதடு அசையறதப் பாக்க நான் எதுக்கு? வாத்தியாரே, நீ சொல்லு.

— உங்களுக்கு மட்டும் சொல்றேன். மாமாவ உள்ள போகச் சொல்லுங்க.

— போக மாட்டேன். என் மக விஷயம்.

— இரு, யாங். ஆனா வாயத் திறக்காத. சொல்லு.

— ஆஸ்பத்திரியில பதினேழு நாள் இருந்தோம். யின்சுவான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க. ஊசி ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் துண்டக் கடிப்பா. பல்லுக்கு நடுவுல துண்டு கிழிஞ்சிருச்சு. வேற வாங்கினேன்.

— ம்.

— பதினேழாம் நாள் காலைல வெந்நீர் பிடிக்கக் கீழ போனேன். கொதிகலன் அறைக்குப் பின்னாடி யாருமில்ல. ஃப்ளாஸ்க்கக் கீழ வச்சேன். மேற்கப் பாத்து நின்னேன். நிய்யத்து வச்சேன்.

— என்னன்னு?

— இன்னைக்கே முடிச்சிடு. வீட்ல இருக்கிற கறுப்புக் காதுக் கிடா உனக்குன்னு.

— எத முடிக்க?

— அவள.

— யாங். அந்தக் கோலக் கீழ வை. கீழ வைன்னேன்.

— அடிக்கட்டும், அஹோங்.

— அவன் அடிச்சா உனக்குச் சுலபமாப் போயிடும். அப்புறம்? மேல போன?

— மேல போனேன். முடிஞ்சிருந்துச்சு. நர்ஸ் ஜன்னல் திரைய இழுத்துக்கிட்டிருந்தா. ஃப்ளாஸ்க் மூடியத் திறந்தேன். ஆவி வந்துச்சு. அவ்ளோ நேரம்தான்.

— கொன்னுட்டான். கேட்டே வாங்கிட்டான். அஹோங், இவன் என் மகளக் கேட்டே...

— உன்ன வாயத் திறக்காதன்னேன். யூனுஸ், மௌத்தக் கேட்டு துஆ செய்யக் கூடாது. தெரியும்ல?

— தெரியும்.

— தெரிஞ்சும் கேட்ட. சரி. ஒண்ணு மட்டும் சொல்லு. அவ வலி தாங்காமக் கேட்டியா, உன் அலுப்புத் தாங்காமக் கேட்டியா?

— தெரியல.

— தெரியலன்னா?

— அதத்தான் நாப்பது நாளா பாக்குறேன். அவளுக்காகன்னு சொல்லிப் பாக்குறேன், பொய்யாத் தெரியுது. அன்னைக்கு எனக்கு இடுப்பு வலிச்சுச்சு, பசிச்சுச்சு, எங்கயாவது படுக்கணும்னு இருந்துச்சு. எனக்காகன்னு சொல்லிப் பாக்குறேன், அதுவும் முழுசா இல்ல. தொழுகைல கை கட்டி நின்னாலும் இதான் ஓடுது. எத மனசுல வச்சு அறுக்கிறது? நான் கேட்டேன், கிடைச்சுது. இப்ப இந்தக் கிடா கூலி. அதக் கொதிக்க வச்சு அவ பேரச் சொல்லி வந்தவங்க வாயில போடணுமா? அறுக்காமலும் விட முடியாது. கேட்டது கிடைச்ச பிறகு ஏமாத்தின மாதிரி ஆகும்.

— கிடா யாரோடது?

— வீட்டோடது.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு, வாத்தியாரே.

— அவளோடது. கல்யாணத்துக்கு மாமா கொடுத்த பெட்டையோட குட்டி. தாய் செத்துப் போச்சு. அவதான் புட்டியில பால் ஊத்தி வளத்தா. அவளத் தவிர யார் கூப்பிட்டாலும் வராது.

— நீ ஃப்ளாஸ்க்கக் கீழ வச்சு நின்னப்ப அவ உயிரோட இருந்தா.

— இருந்தா.

— அவ கிட்டக் கேட்டியா, உன் கிடாவ நேர்ந்துக்கட்டுமான்னு?

— எப்படிக் கேப்பேன்?

— அப்போ அடுத்தவங்க பொருள நீ நேர்ந்துட்ட. அது செல்லாது. நீ அன்னைக்குக் கேட்டது தப்பு. அதுக்குத் தவ்பா செய், மன்னிப்புக் கேளு, நானும் உன் கூட உக்காந்து செய்றேன். அது உனக்கும் படைச்சவனுக்கும். ஆனா இந்த ஆட்டுல உன் நிய்யத்து இல்ல.

— மனசுல இருக்கே, அஹோங்.

— மனசுல இருக்கு. ஆட்டுல இல்ல.

— நான் மேல ஏறி வர்றதுக்குள்ள அவ போயிட்டாளே.

— வெந்நீர் பிடிக்கப் போனவன் சொல்லித்தான் படைச்சவன் முடிவு பண்ணினான்னு நெனக்கிறியா? பெரிய ஆளுதான் நீ. சரி, யாங். இப்ப உனக்குத் திருப்திதானே. கயித்த வாங்கு, அவ பேரச் சொல்லு, நான் கத்தியப் பிரிக்கிறேன். மேல்மலைக்காரங்க பசியில கிடக்குறாங்க.

— இருங்க, அஹோங்.

— என்ன நிக்கிற? காலைலேர்ந்து கத்தின ஆளு.

— அஹோங். அவ பேருக்கும் இத அறுக்க முடியாது.

— என்னது?

— வேற நிய்யத்து இருக்கு இதுல. இவனுக்கு முந்தியே வச்சது. மாப்ள, அது கழுத்து ரோமத்துக்குள்ள கைய விடு. அடில. இன்னும் கீழ. முடிச்சு மாதிரி தட்டுதா?

— நூல்.

— பிரிச்சுப் பாரு. என்ன நிறம்?

— பச்சை. இது அவ முக்காடு.

— முக்காட்டு ஓரத்துலேர்ந்து உருவினது. பதினாறாம் நாள் நான் பாக்க வந்தேன்ல? நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. நூல உருவி என் கையில சுத்தி விட்டா. கறுப்புக் காது கழுத்துல கட்டுங்கப்பா, நான் நிய்யத்து வச்சுட்டேன், கேட்டது கிடைச்சா நீங்க நின்னு அறுத்துக் கொடுத்துடுங்கன்னா. வந்து கட்டினேன்.

— நாப்பது நாளாக் கழுவினேனே, மாமா.

— கொம்பத்தான் கழுவின.

— இத ஏன் மறச்ச, யாங்?

— வயித்தெரிச்சல். வேற என்ன? அந்த நிய்யத்து அவ தனக்குன்னு வச்சது இல்ல. அவளுக்கு நான் செய்ய இனிமே என்ன இருக்கு? இது ஒண்ணுதான். அவ பேருக்கே அறுத்துட்டா, அந்த நன்மையாவது மண்ணுக்குள்ள அவ கிட்டப் போகட்டும்னு நெனச்சேன். மனசுல என்ன வேணா வச்சுக்கன்னு இவன் கிட்டச் சொன்னேனே, அது எனக்கே சொல்லிக்கிட்டது.

— தப்பு. அதுக்கு அப்புறம் வரேன். இப்பக் கயித்துல நீயும் ஒரு கை வை. இவன் விட வேண்டாம், ரெண்டு பேரும் பிடிங்க. நான் கத்தியப் பிரிச்சுட்டேன். கேக்குறேன். என்ன நிய்யத்து, யார் பேருக்கு? உன் சொந்தச் சரக்கச் சேக்காத. அவ வாயால சொன்னத அப்படியே சொல்லு.

— 'நாளைக்கே என்ன எடுத்துக்கட்டும்ப்பா. அந்த மனுஷன் பதினாறு நாளா உக்காந்த இடத்துலயே இருக்காரு, இனிமேலாவது காலை நீட்டித் தூங்கட்டும்'னா.