எடை மெஷின் சொன்ன ஆயுள்

மாம்பலம் ஸ்டேஷனில் பாலத்தை விட்டு இறங்கியதும் எடை மெஷினில் காசு போட்டவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். என் மகன் நெஞ்சுவலியில் விழுந்து பிழைத்த வாரம் அது. அதனால் அந்தக் கணவன் மனைவி பேச்சு காதில் தானாக விழுந்தது.

"சீட்டைப் பாருடி, தீர்க்காயுள்னு போட்டிருக்கு! டாக்டர்தான் சும்மா மிரட்டறார்."

"திருப்பிப் பாருங்கோ. எழுபத்தெட்டு கிலோ."

"எனக்கு முன்னாடி மெஷின்ல ஏறினானே மூட்டை தூக்கறவன், அவனுக்கும் அதே எடைதான். அவனை யார் மிரட்டறா?"

"அவனுக்குத் தோள்லயும் தொடையிலயும் இருக்கு. உங்களுக்கு எல்லாம் வயித்துல. அவன் மூட்டையோட பாலம் ஏறி இறங்கிட்டான். நீங்க வெறுங்கையோட பாதியில நின்னுட்டேள்."

"வேடிக்கை பார்த்தேன்."

"வாயைத் திறந்துண்டா?"

அதற்குள் வண்டி எதிர்ப் பிளாட்பாரத்தில் வருவதாக ஒலிபெருக்கி சொன்னது. மறுபடியும் பாலம் ஏற வேண்டும். அவர் படிகளை அண்ணாந்து பார்த்தார்.

"நீ முன்னால போ. நான் மெதுவா வரேன்."

"மாட்டேன், நீங்க முன்னால ஏறுங்கோ. பின்னால வர்றேளான்னு திரும்பித் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை."