இரண்டு வாய்ப் பால்

எனக்குச் சத்தம் ஆகாது. "உங்களுக்குப் பாம்புக் காது" என்பாள் மனைவி. வீட்டுக் கடிகாரம்கூட டிக்கென்று சொல்லாது.

பத்தொன்பது வருடமாகக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கிறேன். முகமூடியை வைத்து, பிடித்த மிட்டாய்களைச் சொல்லச் சொல்வேன். மூன்றாவது மிட்டாய்க்குள் தூங்கிவிடுவார்கள். அந்த நாலு வயதுப் பெண் இரண்டுதான் சொன்னாள்.

காதுக்குப் பின்னால் எலும்பில் சீழ் கோத்திருந்தது. இந்த அறுவையில் தலைப் பக்கம் காது டாக்டருக்குச் சொந்தம். ஒரு பக்கமாகத் திருப்பி, முகத்தைத் துணியால் மூடிவிடுவார். கால்மாட்டில் இருக்கும் எனக்கு உதட்டின் நிறம் தெரியாது. நாடி துடிக்கத் துடிக்க இயந்திரம் ஒலிக்கும். பிராணவாயு குறைந்தால் சுதி இறங்கும். அந்த ஒலிதான் எனக்குக் கண்.

அன்று தலைவலி. எல்லா ஒலியையும் நிறுத்தினேன். அது இயந்திரத்தில் பதிவாகியிருக்கிறது என்று விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். பிறகு சற்றே கண்ணை மூடினேன்.

"ரத்தம் ஏன் இப்படிக் கறுத்து வருது?" என்றார் காது டாக்டர்.

அவர் குழந்தையின் தலையை நகர்த்தியபோது, மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாய் நழுவியிருந்தது. திரும்பப் போட்டேன். அதற்குள் இதயம் நின்றிருந்தது. நாற்பது நிமிடம் மார்பை அழுத்தினோம். இடையில் ஒலியைத் திரும்ப வைத்தேன், யாரும் கவனிக்கவில்லை.

வெளியே குழந்தையின் அம்மா நின்றிருந்தார். வழக்கமான கேள்வியைத்தான் கேட்டேன்.

"காலையில எதாவது குடுத்தீங்களாம்மா?"

"பசிக்குதுன்னு அழுதா டாக்டர். ரெண்டு வாய் பால்தான்..."

வெறும் வயிறாக அழைத்துவரச் சொல்லியிருந்தோம். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அந்தக் குழந்தையின் நுரையீரலில் பால் இல்லை. நானே பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இருந்தும் "அப்படியா" என்றேன். அதையே சாவுக்குக் காரணமாக எழுதினேன்.

காரணம் தெரியாமல் பிள்ளையைப் பறிகொடுப்பது பெரிய கொடுமை ஐயா. அவருக்கு ஒரு காரணமாவது கிடைத்தது. குழந்தையை நினைத்து நானும் அழுதிருக்கிறேன்.

அந்த அம்மாவைக் கணவர் பிரிந்துபோய்விட்டார். வீட்டில் பால் வாங்குவதில்லையாம். ஏழு வருடமாக அதே தேதியில் என்னைத் தேடி வருகிறார். "நான்தானே டாக்டர் கொன்னேன்?" என்று கேட்பார். பக்கத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பேன்.

இந்த நிமிடம்வரை அவரை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. எப்போதோ மன்னித்துவிட்டேன்.