மூணு முன்பல்லு

— முந்தானையை வாயிலருந்து எடுங்க புஷ்பம்மா. பல்லு வந்துருச்சு, வச்சுப் பார்க்கணும்ல.

— பழக்கமாயிப் போச்சுங்க டாக்டரம்மா. கை தானா மேல வந்துருது. ஏனுங்க, போனவாட்டி ரெண்டு பக்கமும் நல்லா இருந்த பல்லை ராவி உட்டீங்களே, அது பொறவு வளராதுங்களா?

— வளராதும்மா. நடுவுல போன மூணு பல்லோட பாரத்தையும் அந்த ரெண்டுதான் தாங்கணும். அதுங்க மேல இதை மாட்டி ஒட்டிருவேன். செட்டுப் பல்லு மாதிரி கழட்டி மாட்டுற வேலை இல்லை. தண்ணி படுது, கூசுதா?

— நொம்பக் கூசுதுங்க. இருக்கட்டும். திங்கக்கெழமைக்குள்ள ஒட்டிக் குடுத்துட்டாப் போதும். அன்னைக்குத்தான் கல்யாணம். மாதா கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலையை மூணாவது வாரமும் வாசிச்சுட்டாங்க.

— உங்க வீட்டுக் கல்யாணமா?

— ஆமாங்க, செபாஸ்டினுக்கு. எஸ்டேட்ல ஜீப் ஓட்டறான். போனவாட்டி என்னைய இங்க கூட்டியாந்து உட்டானே, அவன்தான்.

— ஞாபகம் இருக்கு. மழை பெய்யுது, உள்ள வந்து உக்காருங்கன்னு நானும் சொன்னேன். வரவே இல்லை.

— வர மாட்டானுங்க. நான் வாயைத் தொறக்கற எடத்துல அவன் நிக்க மாட்டான்.

— ஏன் அப்படி?

— பல்லு எப்படிப் போச்சுன்னு நீங்க கேட்டப்ப, விழுந்துட்டேன்னு மட்டும் சொன்னேனுங்க. விழுந்தது பைக்குலருந்து. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க சேலம் போயிருந்தோம். செபாஸ்டின் ஓட்டறான், எம் மக ரெஜினா நடுவுல, நான் கடைசியில. திரும்பி வாறப்ப அடிவாரம் தாண்டி ஏறுனா ஒரே தூறல். புதுத்துணிப் பை நனையுதுன்னு ரெஜினா அதை மடியில வச்சுக் குனிஞ்சுக்கிச்சு. ஒரு வளைவுல லாரி எதுர வந்துச்சு. செபாஸ்டின் பிரேக் புடிச்சான், வண்டி சறுக்கிருச்சு. நான் கட்டைச் சுவத்துல மூஞ்சியடிச்சு விழுந்தேன். புள்ளை லாரிப் பக்கம் விழுந்துருச்சு.

— ரெஜினாவுக்கு என்னாச்சும்மா?

— அங்கயே போயிருச்சுங்க கண்ணு.

— கொஞ்சம் எந்திரிச்சு உக்காருங்க. தண்ணி குடிச்சுட்டு அப்பறம் பார்க்கலாம்.

— வேண்டாங்க. நீங்க வேலையைப் பாருங்க. நிறுத்துனா எனக்குத்தான் கஷ்டம்.

— சரி. இந்தக் கலர்த் தாளை மெதுவாக் கடிங்க. எங்கயாவது முட்டுதா?

— இந்த எடப்பக்கம் முட்டுதுங்க.

— லேசாத் தேய்க்கறேன். அதுக்கப்புறம் செபாஸ்டின் எப்படி இருந்தாரு?

— வண்டியைப் போட்ட எடத்துலருந்து எடுக்கவே இல்லீங்க. ஜீப்புல கை வெக்கறதுக்கே நாளாச்சு. என்னால ஒண்ணும் கடிக்க முடியாதுன்னு தெனமும் அவனே ராகிக்களியை ரசத்துல கரைச்சு வெப்பான். வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவான். ஏஞ்சாமி மூஞ்சியைத் திருப்பிக்கறேன்னு ஒருக்கா கேட்டுட்டேன். எந்திரிச்சு அடுப்பை அணைச்சான். அப்பறம், "அம்மா, நீங்க பேசறப்ப அந்தப் பல்லுச் சந்து தெரியுது. பிரேக் சத்தம் கேக்குது"ன்னான். அன்னையிலருந்துதானுங்க நான் முந்தானையை வாயில வெச்சுக்கறது.

— அப்படிப்பட்டவர் கல்யாணத்துக்கு எப்படி ஒத்துக்கிட்டாரு?

— எங்க ஒத்துக்கிட்டான். நானா செம்மநத்தம் போயிப் பொண்ணு கேட்டுட்டு வந்தேன். எங்கூடக் காப்பி பறிக்கற வீராயி அக்காதான் வழி சொன்னாங்க. கெட்டிக்காரப் புள்ளை, மொகங்கோணாம பேசுது. ஊட்டுக்கு வந்து சொன்னா, இவன் சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டுக் கல்லறைக்குப் போயி உக்காந்துட்டான். எனக்குப் பொறவு உனக்கு யாரு சாமின்னு நானும் பின்னாடியே போயி அழுதேன். கடைசியில, நீங்க பக்கத்துல நின்னாத் தாலி கட்டறேன்னான். நிக்கறேன், ஆனா நீ என் மொகத்தைப் பாத்து நிக்கோணும்னேன். அதுக்குத்தானுங்க இந்தப் பல்லு. எனக்குக் களியே போதும்.

— வாயை நல்லாத் தொறங்க, ஒட்டப் போறேன். இந்தப் பஞ்சைக் கடிச்சுட்டு அசையாம இருங்க. பேசக் கூடாது. அழுதாப் பரவால்லை, தலையை மட்டும் ஆட்டாதீங்க.

— ம்.

— அவ்வளவுதான். பஞ்சை எடுத்துட்டேன். இந்தாங்க கண்ணாடி.

— நல்லா இருக்குதுங்க. என்னை மாதிரித்தான் இருக்கேன்.

— இன்னைக்கு முன்பல்லுல கெட்டியா எதையும் கடிக்காதீங்க. இனிமே என்ன, மருமக வந்துட்டா உங்களுக்கும் பேச்சுத் துணை ஆச்சு.

— அவுங்க எங்கூட இருக்கப் போறதில்லீங்க. அடிவாரத்துல ஊடு பாத்தாச்சு. நாந்தான் பாத்தேன். வாழவந்தியில நாங்க இருக்கற ஊட்டுல செவுத்துக்குச் செவுரு ரெஜினா போட்டோ. வர்ற புள்ளைக்கு அதெல்லாம் வேண்டாம்.

— அதுக்காக? மகளைப் பறிகுடுத்துட்டு நிக்கறீங்க. உங்களைத் தனியா விட்டுட்டுப் போக அவருக்கு எப்படி மனசு வருது? அவரை ஒரு நாள் இங்க வரச் சொல்லுங்க, நான் பேசறேன். பெத்த அம்மாவை விட்டுட்டு ஒரு மகன் போவானா?

— வேண்டாங்க கண்ணு, அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் எவ்வளவோ மாட்டேன்னான், நாந்தான் தொரத்தறேன். அவன் என் வயித்துல பொறந்தவன் இல்லீங்க, ரெஜினாவைக் கட்டுனவன். அன்னைக்கு வண்டியில ஏறுற வரைக்கும் என்னைய அத்தைன்னுதான் கூப்புடுவான். புள்ளையைப் பொதைச்சுட்டு ஊட்டுக்குள்ள வந்தப்பத்தான் மொதமொதலா அம்மான்னான்.